கைதி எண் 9843: ஜான் பாய்ல் ஓ'ரைலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான கைதிகளில் பெரும்பாலோர் ஒரு பதிவேட்டு வரியாக மட்டுமே மிஞ்சினார்கள். ஓ'ரைலி அப்படி மறையவில்லை. அவர் எழுதத் தெரிந்தவர், தப்பிப் பிழைத்தவர், தன்னோடு வந்தவர்களை மறக்காதவர். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ஓ'ரைலி?

1844 ஜூன் 28 அன்று அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள டவுத் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். பிறந்த மறு ஆண்டே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். இன்னும் அவ்வளவு பேர் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். ஓ'ரைலியின் குடும்பம் பட்டினியில் விழவில்லை. ஆனால் அவர் நடை பழகிய மண் அதுதான். பதின்வயதைத் தொடும் முன்பே துரோகிடா நகரத்துப் பத்திரிகை ஒன்றில் அச்சுக்கோக்கும் தொழில் பழகினார். பிறகு இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் பத்திரிகை வேலை பார்த்தார். 1863இல் அயர்லாந்து திரும்பி, பிரிட்டிஷ் ராணுவத்தின் பத்தாவது ஹுசார் குதிரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்தார்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவர் எப்படி பிரிட்டனுக்கு எதிரியானார்?

அன்றைய அயர்லாந்தில் இதை யாரும் முரணாக நினைத்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் படையில் ஐரிஷ் இளைஞர்கள் ஏராளமாக இருந்தார்கள். அந்தப் படைக்குள்ளேயே ஆள் திரட்டினால் ஆட்சியின் ஆயுதமே அதற்கு எதிராகத் திரும்பும் என்று ஃபீனியர்கள் கணக்குப் போட்டார்கள். ஃபீனியர் என்பது அயர்லாந்து குடியரசாக வேண்டும் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்ட ரகசிய இயக்கத்தாரின் பெயர். ராணுவத்துக்குள் ஆள் சேர்க்கும் பொறுப்பு ஜான் டெவாய் என்பவரிடம் இருந்தது. அவர்தான் ஓ'ரைலியை இயக்கத்துக்குள் கொண்டுவந்தார். ஓ'ரைலி தன் படைப்பிரிவில் பலரைச் சேர்த்தார்.

டெவாய் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மீண்டும் வருவார்.

அவர் மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன?

பலரை வியக்க வைப்பது இதுதான். அவர் யாரையும் சுடவில்லை, எந்தக் கிளர்ச்சியும் நடக்கவுமில்லை. படையில் கலகம் நடக்கப்போவது தெரிந்தும் மேலதிகாரியிடம் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு. அதாவது, காட்டிக்கொடுக்காததற்காகத் தண்டனை. 1866 பிப்ரவரியில் கைது செய்தார்கள். ஜூலையில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அது ஆயுள் தண்டனையாகவும், பிறகு 20 ஆண்டுக் கடுங்காவலாகவும் குறைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 22.

அந்தத் தண்டனையில் ஆஸ்திரேலியா எப்படி வந்தது?

நம் தாத்தா காலத்து நீதிமன்றத் தமிழில் "தீவாந்தர சிட்சை" என்று ஒரு சொல் உண்டு. கடல் கடந்த தீவுக்கு அனுப்பிவிடும் தண்டனை. நம்மவர்களுக்கு அந்தச் சொல்லோடு அந்தமான் நினைவுக்கு வரும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தண்டனை பெற்றவர்களுக்கு அது ஆஸ்திரேலியாவாக இருந்தது. 1788 முதல் 1868 வரை எண்பது ஆண்டுகளில் சுமார் 1,62,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் 1840இலும், இன்று டாஸ்மேனியா எனப்படும் வான் டீமன் நிலம் 1853இலும் இந்த வரவை நிறுத்திவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் எதிர்த்திசையில் போனது. அங்கே குடியேறியவர்களுக்கு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கைதிகளை அனுப்புங்கள் என்று அவர்களே கேட்டார்கள். 1850இல் முதல் கைதிக் கப்பல் வந்து சேர்ந்தது. சாலை, பாலம், சிறைச்சாலை எல்லாம் கைதிகளின் கையால் எழுந்தவை. இதை நீதியின் கதையாகப் படிக்கிறவர்கள் கூலியின் கதையாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒருவன் செய்த குற்றம் பெரிதா சிறிதா என்பதைவிட, அவன் தோளில் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பதே அந்தக் காலனிக்கு முக்கியமாக இருந்தது.

கப்பல் பயணம் எப்படி இருந்தது?

முதலில் ஓராண்டுக்கு மேல் இங்கிலாந்துச் சிறைகள். மில்பேங்க், டார்ட்மூர், போர்ட்லாண்ட் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தனிக்கொட்டடி, சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டும் வேலை, தப்பிக்க எடுத்துத் தோற்ற முயற்சிகள் என்று அந்தக் காலம் கழிந்தது.

1867 அக்டோபர் 12 அன்று ஹூகுமோன்ட் என்ற கப்பல் போர்ட்லாண்டிலிருந்து புறப்பட்டது. அதில் 280 கைதிகள். அவர்களில் 62 பேர் ஃபீனியர்கள், அந்த 62இல் 17 பேர் முன்னாள் சிப்பாய்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற கடைசிக் கப்பல் இதுதான்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஃபீனியக் கைதிகள் கப்பலிலேயே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அதன் பெயர் "காட்டு வாத்து". 1691க்குப் பிறகு தாய்நாட்டைவிட்டு ஐரோப்பியப் படைகளில் சேரப் போன ஐரிஷ் வீரர்களை அயர்லாந்தில் காட்டு வாத்துகள் என்றுதான் அழைப்பார்கள். ஜான் ஃப்ளட் ஆசிரியராக இருக்க, ஓ'ரைலியும் மற்றவர்களும் எழுதினார்கள். ஏழு இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிரதி. அதை ஒருவர் உரக்கப் படிக்க, கீழ்த்தளத்தில் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த ஏழு இதழ்களும் இன்று சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எந்தச் சட்டமும் கைதிக்குக் கொடுக்காத ஒரு பெயரை, எழுத்தாளன் என்ற பெயரை, அவர்கள் நடுக்கடலில் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஃப்ரீமாண்டிலில் அவர்களை எப்படி வரவேற்றார்கள்?

அச்சத்தோடு. 1868 ஜனவரியில் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தை நெருங்கியபோது, ஃபீனியர்கள் ஊரையே கைப்பற்றிவிடுவார்கள் என்ற பீதி பரவியிருந்தது. அந்த மார்ச்சில் சிட்னியில் பிரிட்டிஷ் இளவரசர் ஆல்ஃபிரெட்டை ஓர் ஐரிஷ்காரர் சுட்டுக் காயப்படுத்தியதும் சந்தேகம் இன்னும் கூடியது.

கப்பலிலிருந்து இறங்கியவர்களை வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சிறைக்கு நடத்திச் சென்றார்கள். முன்னர் வந்த கைதிகள் அந்த இடத்திலேயே கல் வெட்டிக் கட்டிய சிறை அது. ஓ'ரைலிக்கு அங்கே கிடைத்த எண் 9843.

அன்றாட வேலை என்ன?

சில வாரங்களில் அவரைத் தெற்கே பன்பரி வட்டாரத்துக்கு அனுப்பி, காட்டுக்குள் சாலை போடும் குழு ஒன்றில் சேர்த்தார்கள். மரம் வெட்டுவது, வேர் பிடுங்குவது, மணலைச் சமன் செய்வது. கோடை வெயிலில் அந்த வேலை ஆளை உருக்கிவிடும். படித்தவர் என்பதால் வார்டர் ஹென்றி உட்மன் கணக்கு எழுதும் வேலையையும், பன்பரிக்குக் கடிதம் கொண்டுபோகும் வேலையையும் அவருக்குக் கொடுத்தார். அதனால் வேலைப் பளு கொஞ்சம் தணிந்தது, நடமாடும் உரிமையும் கிடைத்தது.

அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார்கள். சாலை போகும் வழியில் நின்ற ஒரு பெருமரத்தை வெட்ட வேண்டாம் என்று ஓ'ரைலி மேலிடம் வரை மன்றாடினாராம். சாலையே வளைந்து போனதாம். இன்னொன்று கசப்பானது. கறுப்பு விளிம்பிட்ட கடிதம் ஒன்று அவருக்கு வந்தது. அக்காலத்தில் அப்படிப்பட்ட உறை வந்தாலே வீட்டில் சாவு என்று பொருள். ஓர் அதிகாரி அதைக் காட்டிவிட்டு, ஏதோ சிறு தவறுக்குத் தண்டனையாகத் தன் மேசைக்குள் ஆறு மாதம் பூட்டி வைத்தாராம். திறந்தபோது அது தாயின் மறைவுச் செய்தி. யார் இறந்தார்கள் என்று தெரியாமல் ஆறு மாதம் மரம் வெட்டிக்கொண்டிருந்த இளைஞனை நினைத்துப் பாருங்கள். கசையடி, கால் விலங்கு பற்றியெல்லாம் எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பூட்டிய மேசைதான் என் நினைவில் நிற்கிறது.

காதல் கதை ஒன்று உண்டாமே?

உண்டு, ஆனால் அது இனிய கதை அல்ல. வார்டர் உட்மனின் மகள் ஜெஸ்ஸியோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. கைதிக்கும் காவலரின் மகளுக்கும் இடையே அந்தக் காலத்தில் எந்த முடிவும் சாத்தியமில்லை. 1868 டிசம்பர் இறுதியில் ஓ'ரைலி தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். சக கைதி ஒருவர் கண்டு காப்பாற்றினார். இதற்கு மேல் துருவித் துருவிக் கற்பனை செய்வது இருவருக்கும் நியாயமாகாது என்று நினைக்கிறேன்.

தப்பிப்பது அவ்வளவு கடினமா? சுற்றிலும் காடுதானே?

காடுதான் மதில். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் தண்ணீரில்லாத வெளி. ஓடிப்போனவர்கள் தாகத்தால் தாங்களே திரும்பி வருவார்கள், அல்லது தடம் பார்ப்பதில் வல்ல பழங்குடிக் காவலர்களிடம் சிக்குவார்கள். ஓ'ரைலி தனியாகக் காட்டுக்குள் ஓடும் திட்டத்தைத் தம் வட்டாரத்துப் பாதிரியார் பேட்ரிக் மக்கேபிடம் சொன்னபோது, அது தப்பிக்கும் வழியல்ல, சாகும் வழி என்று அவர் தடுத்தார். தடுத்ததோடு நிற்காமல், வேறு வழி பார்க்கிறேன் என்று வாக்கும் கொடுத்தார்.

பிறகு எப்படித் தப்பினார்?

பன்பரிக்கு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்துபோகும். அவற்றில் ஒன்றின் கேப்டனிடம் மக்கேப் பேசி முடித்தார். அவருக்குத் துணை, டார்டனப் பகுதியில் நிலம் வைத்திருந்த ஜேம்ஸ் மகுவயர் என்ற ஐரிஷ் விவசாயி.

1869 பிப்ரவரி 18 இரவு ஓ'ரைலி முகாமைவிட்டு நழுவினார். கைதிகளின் பூட்ஸ் தனித் தடம் பதிக்கும். அதனால் சுதந்திர மனிதர் ஒருவரின் காலணியைக் கேட்டு வாங்கி அணிந்திருந்தார். மகுவயரும் நண்பர்களும் குதிரையோடு காத்திருந்தார்கள். படகேறி லெஷனால்ட் தீபகற்பத்தின் மணல்மேடுகளுக்கிடையே போய் ஒளிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை.

விஜிலன்ட் என்ற அந்தக் கப்பல் வந்தது. ஓ'ரைலி படகைச் செலுத்திக்கொண்டு அதை நோக்கிப் போனார், கத்தினார், கையசைத்தார். கப்பல் நிற்காமல் போய்விட்டது. பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டார்களா என்பதில் இன்றுவரை இரு கருத்து. அவர் மீண்டும் மணல்மேட்டுக்கே திரும்பினார்.

அடுத்த இரண்டு வாரம் அங்கேயே மறைந்திருந்தார். அப்பகுதியில் குடியிருந்தவர்கள் சோறு தண்ணீர் கொடுத்துக் காத்தார்கள். கைதிக்கு இடம் கொடுத்தால் தங்களுக்கும் சிறைதான் என்பது அவர்களுக்குத் தெரியும். மக்கேப் அதற்குள் கசெல் என்ற இன்னொரு கப்பலின் கேப்டன் கிஃபோர்டிடம் பத்து பவுன் கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டார். மார்ச் தொடக்கத்தில் கசெல் அவரை ஏற்றிக்கொண்டது.

அதோடு ஒரு சிக்கலும் ஏறியது. மார்ட்டின் பௌமன் என்ற இன்னொரு கைதி எப்படியோ ரகசியத்தை அறிந்துகொண்டு, என்னையும் ஏற்றுங்கள், இல்லையென்றால் போலீசிடம் சொல்வேன் என்று மிரட்டினார். வேறு வழியின்றி அவரையும் ஏற்றினார்கள்.

ரோட்ரிக்ஸ் தீவில் என்ன நடந்தது?

சில மாதம் கழித்து, தண்ணீர் ஏற்றிக்கொள்வதற்காகக் கசெல் மொரீஷியசுக்குக் கிழக்கே உள்ள ரோட்ரிக்ஸ் தீவில் நங்கூரமிட்டது. அதுவும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இடம். அதிகாரிகள் கப்பலேறி, தப்பிய கைதி இங்கே இருக்கிறானா என்று கேட்டார்கள். அப்படி ஒருவன் இருந்தான், இறந்துவிட்டான் என்று கப்பலில் இருந்தவர்கள் சமாளித்தார்கள். ஆனால் பௌமன் அடையாளம் காணப்பட்டு விலங்கிடப்பட்டார். போகும்போது ஓ'ரைலியின் பக்கம் கை நீட்டி விடைபெற்றாராம். மறுநாள் அவர் வாய் திறப்பார் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அன்றிரவு கப்பலின் மூன்றாம் மேட், அதாவது கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரிகளில் ஒருவரான ஹென்றி ஹாத்தவே, ஒரு வேலை செய்தார். ஓ'ரைலியைப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒரு சிறு பெட்டியறைக்குள் ஒளித்துவிட்டு, ஒரு சாணைக்கல்லைக் கடலில் தள்ளினார். கூடவே ஓ'ரைலியின் தொப்பியையும் எறிந்தார். "ஆள் விழுந்துவிட்டான்!" என்று கூவினார். படகுகள் தேடின, தொப்பிதான் கிடைத்தது. காலையில் வந்த அதிகாரிகள் அரைக்கம்பத்தில் பறந்த கொடியையும் அழுதுகொண்டிருந்த மாலுமிகளையும் பார்த்துத் திரும்பிப் போனார்கள். கேப்டன் கிஃபோர்டுக்கே விஷயம் தெரியாது. அவர் அழுகை நிஜமான அழுகை. கரை மறைந்த பிறகே ஓ'ரைலி வெளியே வந்தார்.

பௌமனுக்கு நடந்தது நியாயமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். பௌமன் மிரட்டினார், உண்மை. ஆனால் அவருக்காகப் பேச ஒரு பாதிரியாரும் இல்லை, பத்து பவுன் கொடுக்க நண்பரும் இல்லை. மிரட்டல் ஒன்றுதான் அவர் கையிலிருந்த காசு. ஓ'ரைலி தப்பியதில் எனக்கு மகிழ்ச்சி. பௌமன் மீண்டும் விலங்கோடு போனதில் மகிழ்ச்சி இல்லை.

அமெரிக்காவில் என்ன செய்தார்?

நன்னம்பிக்கை முனைக்கு அருகே வேறு கப்பலுக்கு மாறி, ஓடிப்போன ஒரு மாலுமியின் பெயரில், நேராக எதிரியின் வீடான லிவர்பூல் போனார். அங்கிருந்து மற்றொரு கப்பலில் 1869 நவம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார். உடனே அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுச் செய்தார்.

பாஸ்டனில் "பைலட்" என்ற கத்தோலிக்க வார இதழில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் ஆசிரியராகவும் பங்குதாரராகவும் ஆனார். 1873இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பைக் கேப்டன் கிஃபோர்டுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1870இல் ஃபீனியர்கள் கனடாவுக்குள் ஆயுதத்தோடு நுழைந்ததை நேரில் பார்த்து எழுதி, அது வீண் வேலை என்று கண்டித்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தொடர்ந்து எழுதினார். பாஸ்டனின் ஐரிஷ்காரர்கள் பலர் அதை ரசிக்காத காலம் அது. 1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட பாஸ்டன் படுகொலையில் விழுந்த கறுப்பினத்தவரான கிரிஸ்பஸ் அட்டக்ஸைப் போற்றி 1888இல் கவிதை பாடினார்.

அவரோடு போன மற்ற ஃபீனியர்கள் என்ன ஆனார்கள்?

என்னைப் பொறுத்தவரை கதையின் உயிரே இந்தக் கேள்விதான்.

1869இலும் 1871இலும் பொதுமன்னிப்பு வந்தது. விடுதலையானவர்கள் பெரும்பாலும் ராணுவத்தைச் சேராத இயக்கத்தார். சீருடை அணிந்து சத்தியம் மீறியவர்கள் என்று சிப்பாய்களை மட்டும் விட மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன், நியூயார்க்கில் இருந்த டெவாய்க்கு ரகசியமாக ஒரு கடிதம் அனுப்பினார். தன் குரல் கல்லறையிலிருந்து வருவதாக எண்ணிக்கொள்ளும்படி அதில் எழுதியிருந்தார். 1874இல் டெவாய் அதை இயக்கத்தின் மாநாட்டில் படித்தார். அமெரிக்க ஐரிஷ் தொழிலாளர்களிடமிருந்து பணம் சேரத் தொடங்கியது.

மீட்பது எப்படி என்று ஓ'ரைலியைக் கேட்டார்கள். ஆயுதத்தோடு போகாதீர்கள், ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலை வாங்குங்கள் என்றார். தான் தப்பிய வழியையே அவர் காட்டினார். ஆளும் காட்டினார்: ஹாத்தவே. சாணைக்கல்லைக் கடலில் தள்ளிய அதே ஹாத்தவே இப்போது நியூ பெட்ஃபோர்டில் இரவுக் காவல் அதிகாரி. அவர் மூலம் கப்பல் தொழில் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள், கேப்டன் ஜார்ஜ் அந்தோனி கிடைத்தார்.

கட்டால்பா என்ற கப்பல் 1875 ஏப்ரலில் புறப்பட்டது. செலவை ஈடுகட்ட வழியில் உண்மையாகவே திமிங்கில வேட்டையும் நடந்தது. ஜான் பிரெஸ்லின் என்பவர் பணக்கார அமெரிக்கராக வேடமிட்டு ஃப்ரீமாண்டிலுக்கு முன்னரே போய், சிறையையே சுற்றிப் பார்த்துவிட்டார். 1876 ஏப்ரல் 17, ஈஸ்டர் திங்கள். ஊரார் படகுப் போட்டி பார்க்கப் போயிருந்த நேரத்தில், வெளி வேலையில் இருந்த ஆறு பேர் குதிரை வண்டிகளில் ராக்கிங்ஹாம் கடற்கரைக்கு விரைந்தார்கள். வில்சன், டாரா, ஹோகன், ஹாரிங்டன், ஹாசெட், கிரான்ஸ்டன். சிறு படகில், புயலில், ஓர் இரவு முழுக்கத் துடுப்புப் போட்டு மறுநாள் கப்பலை எட்டினார்கள்.

ஜார்ஜெட் என்ற நீராவிக் கப்பல் பீரங்கியோடு துரத்தி வந்து, நில் என்றது. அந்தோனி தலைக்கு மேலே பறந்த அமெரிக்கக் கொடியைக் காட்டினார். இதன் மீது சுட்டால் அமெரிக்கா மீது சுட்டதாகும் என்றார். ஜார்ஜெட் திரும்பிவிட்டது. ஆகஸ்ட் 19 அன்று கட்டால்பா நியூயார்க்கை அடைந்தது.

ஓ'ரைலியைத் தனி வீரராக மட்டும் காட்டுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒரு பாதிரியார், ஒரு விவசாயி, ஒரு மேட், பெயர் தெரியாத மணல்மேட்டுக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அவரைக் கரை சேர்த்தார்கள். ஏழு ஆண்டு கழித்து அதே கயிற்றை அவர் பின்னால் இருந்தவர்களை நோக்கி வீசினார்.

அந்த மண்ணுக்கு உரியவர்கள் இந்தக் கதையில் எங்கே?

நூங்கர் மக்களின் நிலம் அது. ஃபீனியர்களின் கதை பெரும்பாலும் அவர்களைப் பார்க்காமலேயே சொல்லப்படுகிறது. ஃப்ரீமாண்டில் கடற்கரையிலிருந்து தெரியும் ராட்னெஸ்ட் தீவில், 1838 முதல் பழங்குடி ஆண்களை அடைத்து வைத்த சிறை இருந்தது. அவர்களைத் தேடி எந்தத் திமிங்கிலக் கப்பலும் வரவில்லை.

ஓ'ரைலி எப்படி இறந்தார்?

1890 ஆகஸ்ட் 10, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹல் கிராமத்தில். தூக்கம் வராமல் தவித்தவர், மனைவி மேரியின் தூக்க மருந்தான குளோரல் ஹைட்ரேட்டை எடுத்துக்கொண்டார். அளவு மீறியது. விபத்து என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. வயது 46. நான்கு மகள்கள்.

இன்று போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

ஃப்ரீமாண்டில் சிறை 1991இல் மூடப்பட்டது. 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கொட்டடிகளுக்குள் நடந்து பார்க்கலாம். ராக்கிங்ஹாம் கடற்கரையில் ஆறு காட்டு வாத்துகள் பறக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது, ஆறு பேருக்கு ஆறு. அவர் ஒளிந்திருந்த லெஷனால்ட் பகுதியிலும், பாஸ்டனிலும், பிறந்த ஊரான டவுத்திலும் நினைவிடங்கள் உண்டு. கல்லறை பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில்.

அவர் அயர்லாந்துக்குத் திரும்பினாரா?

இல்லை. தப்பிய கைதி என்பதால் பிரிட்டிஷ் ஆட்சி இருந்த எந்த மண்ணிலும் கால் வைத்தால் கைதுதான். பக்கத்திலிருந்த கனடாவில் ஒரு கூட்டத்தில் பேசக்கூட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

ஒரே ஒரு முறை பார்த்தார். 1869 இலையுதிர் காலத்தில், லிவர்பூலிலிருந்து அமெரிக்கா போகும் கப்பல் அயர்லாந்துக் கரையோரமாகச் சென்றபோது, மேல்தளத்தில் நின்று, கரை மறையும் வரை.